சட்டைப் பையில் காத்திருக்கும் மாத்திரை

திருமானூர் பேருந்து நிறுத்தத்தில் விடிகாலைக் கூட்டம் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான். தஞ்சாவூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கீரைக்கட்டோடு திருவையாற்றில் இறங்குகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் நிற்பார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவருக்குப் பதினோரு வருடத்துக்கு முன் கிட்னி மாற்றினார்கள். கொடுத்தது அவருடைய அம்மா.

அன்றைக்கு மட்டும் அவர் சட்டைப் பையில் மாத்திரை இருக்கும். மற்ற நாள்களில் காலை எட்டு, இரவு எட்டு என்று கடிகாரம் பார்த்து விழுங்குகிற டாக்ரோலிமஸ் அது. ரத்தம் கொடுக்கப் போகிற நாளில் ஊசி குத்தி முடியும்வரை அதை வாயில் போடக் கூடாது. முந்தின இரவு போட்ட மருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. மறந்துபோய்க் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் அளவு ஏறிக் காட்டும். டாக்டர் மருந்தைக் குறைப்பார். குறைந்த மருந்தில் உடம்பு விழித்துக்கொள்ளும். 'லெவல் பாத்துட்டு வர்றேன்' என்பார் அண்ணன், கொள்ளிடத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கப் போகிறவர் மாதிரி. பேருந்து பாலத்தில் ஏறும்போது அவர் கை ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அந்த லெவல் என்பது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐந்தாறு நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோகிராம். இந்த அளவு கொஞ்சம் இறங்கினால் உடம்பு அந்தக் கிட்னியை அயலாகக் காணத் தொடங்கும். கொஞ்சம் ஏறினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பில் அவர் பதினோரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறார். நிராகரிப்பு என்று அச்சில் எழுதுகிறோம். ஊரில் சொல்வது 'உடம்பு ஏத்துக்கல' என்றுதான்.

இந்த வட்டாரத்தில் கிட்னி என்ற சொல்லை எல்லோர் வாயிலும் போட்டது 1984. அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு, பிறகு நியூயார்க்கில் புரூக்ளின் நகர்ப் பகுதியிலிருந்த டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பரில் அவருடைய அண்ணன் மகள் லீலாவதியின் சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் இருக்கும் வீடியோப் படத்தைத் தேர்தலுக்கு முன் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அதுவரை பாடப்புத்தகத்தில் சிறுநீரகமாக மட்டும் இருந்தது, அதன்பின் டீக்கடையில் கிட்னி ஆயிற்று. ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து இன்னொருவர் உடம்பில் வைக்கலாம் என்பதை அன்று ஊர் தெரிந்துகொண்டது. வைத்தபின் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியவில்லை. அது ஊருக்கு மட்டும் தெரியாத விஷயம் இல்லை. மருத்துவ உலகமே அப்போது பாதிதான் அறிந்திருந்தது.

முதன்முதலில் நிலைத்த மாற்று, 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். அச்சு அசல் ஒன்றுபோல் இருந்ததால் உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதாவது நிராகரிப்பை அன்று வெல்லவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். இந்தியாவில் முதல் வெற்றி 1971-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அறுவை செய்தவர் மோகன் ராவ், சிறுநீரக மருத்துவர் கே.வி. ஜானி. அப்போது உலகம் முழுக்க மருத்துவர்கள் முக்கியமாக நம்பியிருந்தவை இரண்டு மருந்துகள்: அசாதியோபிரின், பிரெட்னிசோலோன். ஒன்று ரத்த அணுக்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்தும், மற்றது எல்லாவற்றையும் மட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு.

அன்றைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேலூர் போவதென்றால் அரியலூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, விழுப்புரத்தில் மாறி, திருவண்ணாமலை வழியாகப் போக வேண்டும். திருச்சி மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்தது அரியலூர். நோயாளியும் கூட ஒருவரும் மாதக்கணக்கில் அங்கேயே அறை எடுத்துத் தங்குவார்கள். மறு பரிசோதனையின் முடிவு கடிதத்தில் வரும். இன்லண்ட் கடிதம் திருமானூர் வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கிரியாட்டினின் எண், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண், பழையதாகியிருக்கும். இன்று காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் கிரியாட்டினின் எண் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சில நாள் அண்ணன் வீடு திரும்புவதற்குள்ளேயே அது வீடு வந்து சேர்ந்துவிடும்.

அன்றைய நிராகரிப்புக்கு முகம் இருந்தது. மாற்றிய ஒரு வாரத்திலோ மூன்று வாரத்திலோ காய்ச்சல் அடிக்கும். புதுக் கிட்னியை வைப்பது முதுகுப்பக்கம் இல்லை, அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம். பழைய இரண்டையும் அப்படியே விட்டுவிடுவார்கள் என்பதால் மாற்றியவர் உடம்பில் பொதுவாக மூன்று இருக்கும். அந்த அடிவயிறு வீங்கி, தொட்டால் வலிக்கும். ஒரே நாளில் எடை கூடும். குடுவையில் பிடித்து அளக்கும் சிறுநீர் குறைந்துகொண்டே வரும். மருத்துவர் உள்ளங்கையை வயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். எடைக் கருவி, அளவுக்குடுவை, வெப்பமானி, ஒரு கை: அன்றைய ஆராய்ச்சிக்கு மூலதனம் இவ்வளவுதான். வந்துவிட்டது என்று தெரிந்தால் மூன்று நாள் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றுவார்கள்.

இதில் ஒரு விந்தை. அந்த மூன்று நாள் ஊசி இன்றும் அப்படியே இருக்கிறது. அணுக்களால் வரும் நிராகரிப்புக்கு இன்றைய வழிகாட்டி நூல்களிலும் முதல் சிகிச்சை மெத்தில் பிரெட்னிசோலோன்தான். சுற்றிலும் எல்லாம் மாறியும் சில விஷயங்கள் அசையாமல் இருப்பது மருத்துவத்தில் உண்டு, சமையலில் உப்பு மாதிரி.

ஸ்டீராய்டின் அளவு மாறியது. எழுபதுகளில் பல இடங்களில் அதைக் கை கொள்ளாமல் கொடுத்தார்கள்; முகம் நிலாப்போல் உப்பியது, இடுப்பெலும்பு சிதைந்தது, காயம் ஆறாமல் தொற்று வந்து பலர் கிட்னி நல்லபடி இருக்கும்போதே இறந்தார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் மேரி மெக்கியோன் என்ற மருத்துவர் குறைந்த அளவே கொடுத்து வந்தார். 1977-இல் தமது 100 மாற்றுகளின் கணக்கை வெளியிட்டபோது, குறைத்தும் கிட்னி நிலைக்கிறது, ஆளும் பிழைக்கிறார் என்று தெரிந்தது. குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன நகரத்திலிருந்து வந்த கணக்கு அது. பெரிய மையங்கள் அதை நம்பச் சில வருடங்கள் பிடித்தன.

இதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றம் ரத்தம் ஏற்றுவதில் நடந்தது. 1973-இல் கெர்ஹார்ட் ஓபெல்ஸ் ஒரு கணக்கைக் காட்டினார்: மாற்றுக்கு முன் பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கிட்னி கூடுதலாக நிலைக்கிறது. அதன்பின் பத்துப் பதினைந்து வருடம் வேண்டுமென்றே ரத்தம் ஏற்றினார்கள். கொடுக்கப் போகிறவரின் ரத்தத்தையே முன்கூட்டிச் சிறிது சிறிதாக ஏற்றி உடம்பைப் பழக்கினார்கள். பிறகு புது மருந்துகள் வந்து அந்த ஆதாயம் தேய்ந்தது. ஏற்றிய ஒவ்வொரு பாட்டிலும், அயல் கிட்னியைத் தாக்கும் எதிர்பொருள்களை (ஆன்டிபாடி) வளர்த்துவிடக்கூடும் என்பது துலங்கியது. இன்று டயாலிசிஸில் இருப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால், 'மாத்துற யோசனை இருக்கா? அப்ப ரத்தம் ஏத்த வேண்டாம், ஊசி போட்டுப் பாப்போம்' என்கிறார்கள். ஒரு தலைமுறை மருந்தாக ஏற்றியதை அடுத்த தலைமுறை அபாயமாக ஒதுக்கியது. இரண்டு தலைமுறையும் கையில் இருந்த கணக்கைத்தான் நம்பியது.

பொருத்தம் பார்ப்பதும் அப்படி மாறியதே. 1969-இல் படேலும் டெரசாகியும் வெளியிட்ட முறை எளிமையானது: கொடுப்பவரின் வெள்ளணுக்கள், வாங்குபவரின் ரத்தநீர், கொஞ்சம் முயல் ரத்தநீர், மூன்றையும் துளித்துளியாகத் தட்டில் சேர்த்து, சாயம் விட்டு, எத்தனை அணு செத்தது என்று நுண்ணோக்கியில் எண்ணுவது. அதிகம் செத்தால் அந்த ஜோடிக்கு மாற்று இல்லை. தட்டில் அணு சாகாவிட்டால் உடம்பிலும் கிட்னி உடனே சாகாது என்ற அந்த ஒரு சோதனை, மேசையிலேயே கறுத்துப்போகும் கிட்னிகளை ஏறக்குறைய இல்லாமல் செய்தது. இன்று லூமினெக்ஸ் கருவியில் நிறமேற்றிய நுண்மணிகள் எந்த எதிர்பொருள், எதற்கு எதிராக, எவ்வளவு என்று பிரித்துச் சொல்கின்றன. அன்றைக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. இன்று பக்கம் பக்கமாக எண் வருகிறது. அந்த எண்ணில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதே இப்போது தனி ஆராய்ச்சி.

திசுப் பரிசோதனைக்கும் வருவோம். பயாப்ஸி என்று சொன்னாலே அன்று உறவுகள் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். விம்-சில்வர்மன் என்ற தடித்த ஊசியைக் கை மதிப்பில் இறக்கினார்கள். இன்று அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, விசை வைத்த மெல்லிய ஊசி 'டக்' என்ற சத்தத்தோடு புழுப்போல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அண்ணனுக்கு மூன்றாம் வருடம் ஒருமுறை எடுத்தார்கள். 'நம்ம ஊரு தீபாவளித் துப்பாக்கி சத்தம்தான்' என்றார். எடுத்த துண்டைப் படிப்பதில்தான் பெரிய மாற்றம். முன்பு ஒரே கண்ணாடித் துண்டை ஒரு ஊரில் நிராகரிப்பு என்றும் இன்னொரு ஊரில் மருந்தின் கேடு என்றும் படிக்க முடிந்தது. 1991-இல் கனடாவின் பான்ஃப் என்ற மலையூரில் கிம் சோலெஸ், லொரெய்ன் ராகுசென் முதலிய திசு நோயியலாளர்கள் கூடி, எந்த இடத்தில் எத்தனை அணு ஊடுருவினால் எத்தனை மதிப்பெண் என்று வகுத்தார்கள். 1993-இல் அது அச்சில் வந்தது. சென்னையில் ஒரு கண்ணாடித் துண்டும் டொரான்டோவில் ஒரு கண்ணாடித் துண்டும் அதன் பிறகுதான் ஒரே தராசில் ஏறின. மருந்து ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்ததும் அதற்குப் பிறகே.

மருந்துகள் மண்ணிலிருந்து வந்தன. விவசாயம் பார்க்கிற ஊரில் இதைச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. நார்வேயின் ஒரு மேட்டுநிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின்; ஜப்பானில் சுகுபா மலையடி மண்ணின் நுண்ணுயிரிலிருந்து 1984-இல் டாக்ரோலிமஸ்; ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து சிரோலிமஸ். சைக்ளோஸ்போரினை 1978-இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-இல் கனடாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், பழைய மருந்தில் ஓராண்டு நிலைத்த கிட்னிகள் 100-க்கு 64, சைக்ளோஸ்போரினில் 80. மருத்துவத்தில் ஒரே மருந்து இவ்வளவு தூரம் தூக்கிவிடுவது அபூர்வம்.

2007-இல் சிம்பொனி என்ற பெயரில் வெளிவந்த ஆய்வில் 1,645 நோயாளிகள். வழக்கமான அளவில் சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களில் ஓராண்டுக்குள் திசுப் பரிசோதனையில் உறுதியான நிராகரிப்பு 25.8 சதவீதம், குறைந்த அளவு டாக்ரோலிமஸ் எடுத்தவர்களில் 12.3 சதவீதம். அண்ணனுடைய சட்டைப் பையில் இன்று இருப்பது அந்த ஆய்வு ஜெயிக்கவைத்த மருந்துதான். ஐந்தாறு நானோகிராம் என்ற குறியும் அந்த வழியாக வந்ததே. இன்று நல்ல மையங்களில் முதல் ஆண்டு முடிவில் 100-க்கு 90-க்கு மேல் கிட்னிகள் வேலை செய்கின்றன. இறந்தவரிடமிருந்து எடுத்துவைத்த கிட்னிகளில் ஓராண்டு தாண்டியது ஏறத்தாழப் பாதிதான் என்றிருந்த எழுபதுகளின் முன் இதை வைத்துப் பார்த்தால் இது சாதாரண தூரம் இல்லை.

ஆனால் முதல் ஆண்டைத் தாண்டிய பிறகு கதை வேறு. 2004-இல் மேயர்-கிரீஷெயும் கூட்டாளிகளும் அமெரிக்கப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்துச் சொன்னது மாற்றுச் சிகிச்சை உலகத்தைச் சுட்டது: திடீர் நிராகரிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் கிட்னியின் நீண்ட ஆயுள் அதற்கு ஈடாகக் கூடவில்லை. காய்ச்சலோடும் வலியோடும் வந்ததைத் துரத்திவிட்டோம். சத்தமில்லாமல் வருவது மிச்சமிருந்தது. ரத்தத்தில் மெல்லச் சேரும் எதிர்பொருள், வருடக்கணக்கில் தழும்பேறும் நுண்குழாய்கள், வலியே இல்லாமல் 1.4-இலிருந்து 1.6-க்கும் 1.9-க்கும் ஏறும் கிரியாட்டினின். நெடுநாள் இதற்கெல்லாம் சேர்த்து 'மாற்றுச் சிறுநீரகத்தின் நாட்பட்ட நோய்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 2005-இல் பான்ஃப் குழு கூடியபோது அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. பெயர் இருந்தால் காரணம் தேடமாட்டார்கள் என்ற நல்ல எண்ணம்தான்.

காரணம் தேடினார்கள். கனடாவின் எட்மன்டனிலிருந்து 2012-இல் வந்த ஆய்வில், பயாப்ஸி எடுக்கப்பட்ட 315 பேரில் 60 பேரின் கிட்னி பின்னால் செயலிழந்தது. காரணம் தெளிவான 56-இல் 36 நிராகரிப்பு. அத்தனையிலும் எதிர்பொருளின் தடயம். அந்த 36 பேரில் 17 பேர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்கள் என்று தனியே குறிக்கப்பட்டிருந்தார்கள். 17 என்ற இந்த எண்ணில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரையில் 'ஒழுங்காக எடுக்காதவர்' என்று ஒரே சொல். திருமானூரில் அதற்குள் பத்துச் சங்கதி இருக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம், மருந்துக் கடையில் அந்த மாதம் சரக்கு இல்லை, தங்கை கல்யாணத்தில் இரண்டு நாள் கவனம் தப்பியது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பு, பக்கத்து ஊரில் யாரோ கொடுத்த சூரணம். வீட்டுக்கொல்லையில் காய்த்த பம்பளிமாசுகூட இதில் சேரும். அதைச் சாப்பிட்டால் மருந்தைச் சிதைக்கும் நொதி மந்தமாகி லெவல் ஏறிவிடும் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வீட்டு மரத்தின் பழம் இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறது.

அதே நொதியை வைத்து இந்திய மருத்துவர்கள் ஒரு காலத்தில் ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சைக்ளோஸ்போரின் வந்த நாளில் அதன் விலை நிலத்தை விற்க வைத்தது. பல மையங்களில் ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்தி, பழைய அசாதியோபிரினுக்கே திரும்பினார்கள். கூடவே கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையோ டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மருந்தையோ கொடுத்தால் நொதி மந்தமாகும், பாதி மருந்திலேயே லெவல் நிற்கும். பக்கவிளைவை மூலதனமாக்கிய கணக்கு அது. இன்று இந்தியக் கம்பெனிகளின் டாக்ரோலிமஸ் கிடைக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடக்கிறது. அரசு மருத்துவமனையில் மாற்றியவர்களுக்கு மாத்திரையும் அங்கேயே கிடைக்கிறது. நிலத்தை விற்ற தலைமுறை இதை நம்பாமல் பார்க்கிறது.

அன்று விற்றது நிலம் மட்டும் இல்லை. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வரும்வரை கிட்னியை வெளிப்படையாகவே விலைபேசினார்கள். சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்ற பெயர் ஏற்பட்டது. சட்டத்துக்குப் பிறகும் விற்பனை மறைவில் ஓடியது. 2001-இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பேசிய ஒரு ஆய்வு 2002-இல் வெளிவந்தது: 96 சதவீதம் பேர் கடனடைக்க விற்றிருந்தார்கள், நான்கில் மூன்று பேருக்குக் கடன் அப்படியே இருந்தது, குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வாங்கியவரின் ஆயுளை அளந்த ஆய்வுகள் பல. கொடுத்தவரைத் தேடிப் போன ஆய்வு இது ஒன்றே என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு மற்றவை குறைவு.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடு வேறு பக்கம் திரும்பியது. அதே ஆண்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கொடையை அரசு முறைப்படுத்தியது. 2023-இல் மாநிலத்தில் இப்படிக் கொடுத்தவர்கள் 178 பேர், 2024-இல் 268 பேர். அவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். இன்று கலெக்டர் மாலையோடு வருகிறார். காத்திருப்போர் இன்னும் ஆயிரக்கணக்கில்.

வேலூர்க்காரர்கள் மேலை நாட்டவர் பார்க்காத ஒன்றையும் பார்த்தார்கள். உடம்பின் காவலை அடக்கினால் இங்கே முதலில் நுழைவது காசம். 1986 முதல் 1999 வரையிலான தங்கள் நோயாளிகளை ஜார்ஜ் டி. ஜானும் கூட்டாளிகளும் தொடர்ந்து பார்த்ததில் 13.3 சதவீதம் பேருக்கு மாற்றுக்குப் பின் காசநோய் வந்தது. இதில் இரட்டைக் கண்ணி. காசத்துக்கு முதல் மருந்தான ரிஃபாம்பிசின், சைக்ளோஸ்போரினையும் டாக்ரோலிமஸையும் வேகமாகச் சிதைத்துவிடும்; காசத்தைக் கொல்லப் போய்க் கிட்னியை இழக்க நேரும். ரிஃபாம்பிசின் இல்லாமல் காசத்தை எப்படித் தீர்ப்பது என்பது பாஸ்டனில் எழாத கேள்வி. இங்கே அது வார்டில் படுத்திருந்தது.

இப்போது ஆராய்ச்சி போகிற தூரம் தலை சுற்ற வைக்கிறது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் மரபணு திருத்திய பன்றியின் கிட்னியை 62 வயதுக்காரர் ஒருவருக்கு வைத்தார்கள். அவர் இரண்டு மாதம் இருந்தார். அதே ஆண்டில் வியன்னா மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வில், எதிர்பொருளால் வரும் மெதுவான நிராகரிப்பு ஃபெல்சார்டமாப் என்ற ஊசியால் 11 பேரில் 9 பேருக்குத் திசுவில் மறைந்தது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் திசு பார்க்கப்பட்ட 10 பேரில் 2 பேருக்கு மட்டும். இவ்வளவு காலமும் இந்த நோய்க்கு நிரூபணமான மருந்தே இல்லாமல் இருந்ததை நினைத்தால் 22 பேர் கொண்ட ஆய்வும் பெரிதாகத்தான் தெரிகிறது.

ஆயுட்கணக்கை இந்த ஆய்வுகளில் படிக்கட்டுப்போல் இறங்கும் ஒரு கோட்டில் வரைவார்கள். கப்லான், மையர் இருவரும் 1958-இல் கொடுத்த முறை. ஒவ்வொரு படி இறக்கமும் ஒரு கிட்னி போனது. படிக்கு நடுவே அங்கங்கே சிறு குத்துக்கோடு இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு அந்த ஆளைப் பற்றித் தகவல் இல்லை என்று அர்த்தம். அன்று கடிதத்துக்குப் பதில் எழுதாதவர்கள், ரயில் சத்தத்துக்குக் காசு இல்லாதவர்கள் எல்லாம் அந்தக் குத்துக்கோட்டில் இருந்தார்கள். இன்று ஃபோன் இருப்பதால் கோடுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் அன்று மாதக்கணக்கில் ஒரே வார்டில், ஒரே வராந்தாவில் கிடந்தவர்கள் ஒருவர் கிரியாட்டினினை இன்னொருவர் மனப்பாடமாக வைத்திருந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். அண்ணனுக்கு அவரோடு அதே மாதத்தில் மாற்றிக்கொண்டவர்கள் யாரென்றே தெரியாது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மாறாத ஒன்று, யார் கொடுக்கிறார்கள் என்பது. 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தவர்கள் 56,509 பேர். அதில் பெண்கள் 36,038. அந்த உறுப்புகளைப் பெற்றவர்களில் ஆண்கள் 39,447. வேலூரில் முதல் மாற்று நடந்த காலத்தில் யாராவது எண்ணியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணனின் அம்மா கையெழுத்துப் போடும் முன் திருமழபாடி வைத்தியநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று அன்று கேட்டதற்கு, 'எங்கிட்ட இருக்கறது அவனுக்குப் பத்தணும்' என்றார்.

2022-இல் அரியலூருக்கு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு விவசாயக் கூலிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றும் அண்மையில் வந்திருக்கிறது. 100-க்கு 5 பேருக்கு மேல் சிறுநீரகக் கோளாறு, அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. வெயிலில் குனிந்து வேலை செய்வதைச் சந்தேகிக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து அண்ணன் அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். ஒற்றைக் கிட்னியோடு இருக்கிற அவருக்குக் கிரியாட்டினின் பார்த்துப் பல வருடமாகிறது. கொடுத்த முதல் வருடம் இரண்டு முறை பார்த்தார்கள், அவ்வளவுதான்.

போன முறை நானும் கூடப் போனேன். தஞ்சாவூரில் ரத்தம் எடுத்தபோது மணி எட்டே கால். அண்ணன் பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் சட்டைப் பையிலிருந்து கேப்சூலை எடுத்தார். தண்ணீர் பாட்டிலை நான் திறந்து கொடுத்தேன். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால் இட்லிக் கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். ஃபோன் வந்தது, அம்மா. 'மாத்திர போட்டுட்டியா?' போட்டுவிட்டேன் என்றார் அண்ணன். அரியலூருக்குப் போய் நீயும் ஒரு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் என்ன, நாளைக்குக் காலையில் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டார்.

நாளைக்கு நடவு இருக்கிறது என்று சொல்லி அம்மா ஃபோனை வைத்துவிட்டார்.